நடந்த பாதையைக் கோப்பாக அனுப்புவது எப்படி? ஜிபிஎக்ஸ், கேஎம்எல், டிசிஎக்ஸ், ஃபிட் – முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் பீக்கோ டிரெயில் கண்டியை ஒட்டிய ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளம், 22 கட்டங்கள். தேயிலையை ஆலைக்கும் ஊருக்கும் கொண்டுசேர்க்கப் பிரித்தானியர் காலத்தில் போடப்பட்ட தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கிய நடைவழி இது. தேயிலை மலையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: திரும்பிய பக்கமெல்லாம் ஒரு பாதை பிரியும். கொழுந்து பறிப்பவர்கள் நிரைக்குள் இறங்கும் ஒற்றையடித் தடம் எது, அடுத்த ஊருக்குப் போகும் பாதை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவுமே தெரியாது.

அதனால்தான் இங்கே நடப்பவர்கள் பாதையின் ஜிபிஎஸ் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். சிக்கல் கோப்பு கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. நால்வர் சேர்ந்து ஹந்தானையிலிருந்து கலஹா வரையிலான முதல் கட்டத்தை நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் ஆண்ட்ராய்டு, ஒருவரிடம் ஐஃபோன், ஒருவர் கையில் கார்மின் கைக்கடிகாரம், இன்னொருவரிடம் இட்ரெக்ஸ் என்ற பழைய ஜிபிஎஸ் கைக்கருவி. முன்பே நடந்துவந்த நண்பரின் பதிவு இந்த நான்கு கருவிகளிலும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும்.

என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டியது, ஜிபிஎஸ் பாதைகளைப் பரிமாறும் பொது வடிவமான ஜிபிஎக்ஸ் கோப்பு. அதற்குள் இருக்க வேண்டியது ரூட் அல்ல, டிராக். மூலப் பதிவை எந்த வடிவில் கருவி உருவாக்கியதோ அதே வடிவில், தொடாமல், தனியே வைத்திருக்க வேண்டும். மற்ற வடிவங்களெல்லாம் பெறுபவரின் தேவைக்காக இதிலிருந்து பிரித்தெடுப்பவை.

படி 1: டிராக்கா, ரூட்டா என்று முடிவு செய்யுங்கள்

ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் மூன்று வகைத் தரவு இருக்கலாம். வேபாயிண்ட் என்பது தனிப் புள்ளி: ஒரு கடை, ஒரு பாலம், குடிநீர்க் குழாய். டிராக் என்பது ஒருவர் உண்மையில் கடந்துபோன புள்ளிகளின் நெருக்கமான வரிசை. சில விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் ஆயிரக்கணக்கில் இருக்கும். ரூட் என்பது இனிமேல் போக வேண்டிய திருப்பங்களின் பட்டியல். பெரும்பாலும் சில பத்துப் புள்ளிகள்தான்.

வேறுபாடு சிறியதாகத் தோன்றும். மலையில் அதுதான் எல்லாம். ரூட்டைப் பெறும் கருவி, இரண்டு புள்ளிகளுக்கு இடையே எப்படிப் போவது என்பதைத் தன்னிடம் உள்ள வரைபடத்தை வைத்துத் தானே கணக்கிடுகிறது. தோட்டத்துப் பாதை அந்த வரைபடத்தில் இல்லையென்றால், மோட்டார் வாகனம் போகும் சாலைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகும். அல்லது பள்ளத்தாக்கின் குறுக்கே நேர்கோடு போட்டுக் காட்டும். ஒரே ரூட் கோப்பு நான்கு கருவிகளில் நான்கு பாதைகளாக மாறுவது இப்படித்தான். டிராக்கைப் பெறும் கருவி பொதுவாக எதையும் கணக்கிடுவதில்லை; கோட்டை அப்படியே திரையில் வரைகிறது. அதனால் நடைக்கு டிராக். ரூட் பொருந்தும் இடம் நகரச் சாலையும் நெடுஞ்சாலையும்; அங்கே வழி அடைபட்டால் மாற்று வழியைக் கருவியே தேடுவது நன்மைதான்.

படி 2: எந்த வடிவம் எதற்கு

ஜிபிஎக்ஸ் 2002-இல் வந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 1.1 பதிப்பு 2004-ஐச் சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது மாறாமல் இருப்பதே அதன் பெரிய பலம்: பழைய கைக்கருவியும் நேற்று வெளியான செயலியும் அதைப் படிக்கின்றன. எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்பு என்பதால் எந்த உரைத் திருத்தியிலும் திறந்து பார்க்கலாம். விதிகளும் தெளிவானவை: இடம் டபிள்யூஜிஎஸ் 84 ஆயத்தொலைவு முறையில், தசமப் பாகையில், உயரம் மீட்டரில், நேரம் உலகப் பொது நேரமான யுடிசி-யில்.

கேஎம்எல் கூகுள் எர்த்தின் வடிவம். கீஹோல் என்ற நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனத்தைக் கூகுள் 2004-இல் வாங்கியது. 2008-இல் இது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. நிறம், கோட்டின் தடிமன், படம், விளக்கக் குறிப்பு எல்லாம் இதில் அழகாக வரும். கேஎம்இசட் என்பது அதையே சுருக்கிய ஜிப் கோப்பு. கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே கேஎம்எல் இருக்கும். திட்டமிடவும் மற்றவர்களுக்குக் காட்டவும் கேஎம்எல் நல்லது. ஆனால் இதில் பாதையைச் சாதாரணக் கோடாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு புள்ளியின் நேரமும் போய்விடும். ஜிபிஎக்ஸிலிருந்து கேஎம்எல்லுக்குப் போய் மறுபடி ஜிபிஎக்ஸுக்கு வந்தால், போன நேரம் திரும்பி வராது.

டிசிஎக்ஸ் கார்மினின் பயிற்சிப் பதிவு வடிவம். சுற்றுகள், இதயத் துடிப்பு, கலோரி ஆகியவற்றோடு, 'இங்கே இடப்பக்கம் திரும்பு' போன்ற குறிப்புப் புள்ளிகளையும் இது தாங்கும். சைக்கிள் ஓட்டுநர்கள் இதை இன்னும் விரும்புவதற்கு இந்தக் குறிப்புகளே காரணம். அவற்றின் பெயருக்குப் பத்து எழுத்துத்தான் இடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபிட் இன்றைய கைக்கடிகாரங்களும் சைக்கிள் கணினிகளும் உள்ளுக்குள் எழுதும் வடிவம். எழுத்துக் கோப்பு அல்ல; பைனரி. பாகையை முழு எண்ணாக மாற்றி, நேரத்தை 1989 டிசம்பர் 31-லிருந்து விநாடிகளாக எண்ணிச் சேமிப்பதால், அதே நடையின் ஜிபிஎக்ஸை விடப் பல மடங்கு சிறியதாக இருக்கும். கோப்பின் இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண் இருப்பதால், அனுப்பும்போது ஏதாவது சிதைந்திருந்தால் கருவி உடனே கண்டுகொள்ளும்.

ஜியோஜேசன் இணைய வரைபடம் கட்டுபவர்களுக்கானது. 2016-இல் ஆர்எஃப்சி 7946 என்ற எண்ணில் தரமாக வெளியானது. நடக்கப் போகிறவருக்கு இதை அனுப்ப வேண்டியதில்லை.

படி 3: மூலக் கோப்பை வெளியே எடுங்கள்

பதிவு செய்த செயலியில் 'ஏற்றுமதி' அல்லது 'பகிர்' என்ற தேர்வைத் தேடுங்கள். பகிர் என்பதை அழுத்தியதும் வருவது இணைப்பு முகவரியாக இருந்தால் அது கோப்பு அல்ல; பெறுபவருக்குக் கணக்கும் சிக்னலும் இருந்தால்தான் திறக்கும். நடையையும் ஓட்டத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவாவில் உங்கள் நடையைக் கோப்பாக எடுக்கக் கைபேசிச் செயலியை விட்டுவிட்டு, உலாவியில் இணையதளத்தைத் திறக்க வேண்டும். அங்கே ஜிபிஎக்ஸாக எடுக்கும் தேர்வும், கருவி எழுதிய மூலக் கோப்பை எடுக்கும் தேர்வும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் எடுத்துவையுங்கள்.

கார்மின் கருவியைக் கம்பியால் கணினியோடு இணைத்தால், 'கார்மின்' என்ற கோப்புறைக்குள் உள்ள 'ஆக்டிவிட்டி' கோப்புறையில் பதிவுகள் இருக்கும். புதிய கைக்கடிகாரங்கள் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் இணைவதால் விண்டோஸில் உடனே தெரியும். மேக்கில் அதற்கென ஒரு கோப்புப் பரிமாற்றச் செயலி தேவை.

படி 4: அனுப்பும் முன் திறந்து பாருங்கள்

இதைப் பலர் தவிர்க்கிறார்கள். மலையில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு நிமிடத்தில் தவிர்க்கக்கூடியது. ஜிபிஎக்ஸை உரைத் திருத்தியில் திறந்து இவற்றைப் பாருங்கள்.

முதலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும். நுவரெலியா ஏறத்தாழ 6.97 வடக்கு, 80.78 கிழக்கு. ஜிபிஎக்ஸ் இரண்டையும் பெயரிட்டே எழுதுவதால் குழப்பம் இல்லை. கேஎம்எல்லும் ஜியோஜேசனும் பெயர் சொல்லாமல், தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் எழுதுகின்றன. கையால் நகலெடுத்தவர் இதை மறந்துவிட்டால், நுவரெலியா ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். பாதை திரையில் காணோம் என்றால் வரைபடத்தைச் சுருக்கி வட துருவத்தின் பக்கம் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது பாகையும் கலையும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 6 பாகை 58 கலை என்பது 6.58 அல்ல, 6.967. இரண்டுக்கும் இடையே நிலத்தில் சுமார் 43 கிலோமீட்டர். ஜிபிஎஸ் சில்லுகள் வெளியிடும் என்எம்இஏ பதிவுகளில் பாகையும் கலையும் ஒரே எண்ணாக ஒட்டியிருக்கும் என்பதால், அவற்றைக் கையால் மாற்ற முயலாமல் மாற்றி மென்பொருளிடம் விட்டுவிடுவது நல்லது. பழைய தாள் வரைபடங்களிலிருந்து எடுத்த புள்ளிகளுக்கும் எச்சரிக்கை தேவை. இலங்கையின் நில அளவை வரைபடங்கள் கந்தவளை என்ற வேறொரு ஆயத்தொலைவு அடிப்படையையும், இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் அடிப்படையையும் பின்பற்றியவை. அந்த எண்களை மாற்றாமல் ஜிபிஎக்ஸில் இட்டால் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் விலகி நிற்கும்.

நேரம் யுடிசி-யில் இருக்கும் என்று சொன்னேன். காலை 6 மணிக்குத் தொடங்கிய நடை கோப்பில் 00:30 என்று தெரிந்தால் அது சரியானதே; இலங்கையும் இந்தியாவும் யுடிசி-க்கு ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. ஆனால் தேதியே 19 ஆண்டு 7 மாதம் பின்னால் இருந்தால், அது பழைய கருவி. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பல கருவிகள் பழைய காலத்துக்குப் போய்விட்டன. 7168 நாட்களைக் கூட்டினால் தேதி சரியாகும். புள்ளிகள் பாதிக்கப்படுவதில்லை.

படி 5: உயரத்தைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. ஆங்கில வழிகாட்டிகளில் அரிதாகவே பேசப்படுகிறது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. புவியின் வடிவமாகக் கணிதத்தில் எடுத்துக்கொண்ட ஒரு நீள்வட்டக் கோளத்திலிருந்து. புவியீர்ப்பு ஏற்றத்தாழ்வால் உண்மையான கடல் மட்டம் அந்தக் கோளத்திலிருந்து இடத்துக்கு இடம் விலகுகிறது. உலகிலேயே மிக அதிகமாகக் கீழே தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே 106 மீட்டர். இலங்கையில் இந்த வேறுபாடு 100 மீட்டரை ஒட்டி வருகிறது. தென் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

விளைவு இது: ஆண்ட்ராய்டு கைபேசி தரும் உயரத்தைத் திருத்தாமல் எழுதும் செயலியில், 1868 மீட்டர் உயரமுள்ள நுவரெலியா ஏறத்தாழ 1770 மீட்டராகப் பதிவாகும். நண்பரின் கைக்கருவி வேறு எண்ணைக் காட்டும். இருவரில் யாருடைய கருவியும் கெட்டுப்போகவில்லை. செயலி அமைப்புகளில் கடல் மட்டத் திருத்தம் இருந்தால் பதிவுக்கு முன்பே இயக்கிவிடுங்கள். இல்லையென்றால், அனுப்பும் முன் நில உயரத் தரவைக் கொண்டு உயரங்களை மாற்றி எழுதும் வசதியைப் பயன்படுத்துங்கள். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்ற எண்ணை மட்டும் எந்தக் கோப்பிலும் அப்படியே நம்பாதீர்கள். புள்ளிகளின் நெருக்கத்தைப் பொறுத்தே அது மாறிவிடும்.

படி 6: துப்புரவு செய்யுங்கள்

ஜிபிஎக்ஸ் ஸ்டுடியோ போன்ற உலாவிக் கருவி இதற்குப் போதும். தங்கிய வீட்டு வாசலில் பதிவைத் தொடங்கியிருந்தால் அந்தத் தொடக்கத்தை வெட்டுங்கள். தேநீர் குடித்த இடத்தில் புள்ளிகள் சிக்கல் நூலாகக் குவிந்திருக்கும்; அவற்றை நீக்குங்கள். மரநிழலிலோ பள்ளத்திலோ சட்டென்று ஓரிடத்துக்குத் தாவித் திரும்பிய முட்களைக் களையுங்கள். சிக்னல் அறுந்த இடங்களில் டிராக் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். முதல் துண்டை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும் செயலிகள் உண்டு என்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

வேபாயிண்ட் பெயர்களில் கவனம் தேவை. கைபேசியில் தமிழ்ப் பெயர்கள் அருமையாக வரும். பழைய கைக்கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கேள்விக்குறியோ வெற்றுக் கட்டமோதான் தெரியும். அந்தக் கருவி உள்ளவருக்கு ஆங்கில எழுத்தில், சுருக்கமான பெயர்களோடு தனிப் பிரதி தயாரியுங்கள். பெயரில் & குறியைக் கையால் சேர்க்காதீர்கள்; எக்ஸ்எம்எல் விதிப்படி அது தனிப் பொருள் கொண்டது என்பதால் முழுக் கோப்புமே திறக்காமல் போகும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாதை தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயன்களின் வாசல் வழியாகப் போகிறது. 'இங்கே தண்ணீர் கிடைக்கும்' என்று ஒரு குடும்பத்தின் வீட்டைப் புள்ளியாக்கிப் பரப்பினால், முன்பின் தெரியாதவர்கள் நாள்தோறும் அந்தக் கதவைத் தட்டுவார்கள். கடையைக் குறியுங்கள், பொதுக் குழாயைக் குறியுங்கள், வீட்டைக் குறிக்காதீர்கள். எல்லோருக்கும் பொதுவில் வைக்கும் கோப்பாக இருந்தால் நேரத்தையும் நீக்கிவிடுங்கள். நீங்கள் எந்த நாளில், எந்த மணியில், எங்கே தனியாக நடந்தீர்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பலரும் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குத் தடமாகத் தருவதானால் மட்டும் நேரம் வேண்டும். நேரமில்லாத புள்ளிகளை அது ஏற்பதில்லை.

படி 7: புள்ளிகளைக் குறையுங்கள்

விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் ஐந்து மணி நேர நடையில் 18,000 புள்ளிகள். ஜிபிஎக்ஸாக இரண்டு எம்பி-யைத் தாண்டும். இன்றைய கைபேசிக்கு இது பொருட்டல்ல. இட்ரெக்ஸ் 20, 30 போன்ற கைக்கருவிகளுக்கு ஒரு டிராக்குக்கு 10,000 புள்ளிதான் உச்ச வரம்பு. வரம்பு மீறிய டிராக்கின் பின்பகுதி காணாமல் போகலாம். காலையில் எல்லாம் சரியாகத் தெரிந்து, களைத்துப்போன மாலையில், வெளிச்சம் குறையும் நேரத்தில் கோடு முடிந்துவிடும். அதனால்தான் இது ஆபத்தானது.

இதற்கான வழிமுறை 1973-இல் டக்ளஸ், பொய்க்கர் இருவரும் வெளியிட்டது. இன்றும் 'சிம்ப்ளிஃபை' என்ற பெயரில் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. நேராகப் போகும் இடத்தில் புள்ளிகளை உதறிவிட்டு, வளைவுகளில் வைத்துக்கொள்ளும். எத்தனை மீட்டர் விலகலைப் பொறுப்பது என்று கேட்கும். சாலைக்குப் பத்து மீட்டர் தாராளம். தேயிலைச் சரிவில் ஒரு படிக்கட்டு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் ஐந்து மீட்டரைத் தாண்டாதீர்கள். தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் போதும். ஆறாவது இலக்கமே நிலத்தில் 11 சென்டிமீட்டர்தான். கைபேசியின் துல்லியமோ திறந்த வெளியிலேயே சில மீட்டர்.

படி 8: மாற்றுங்கள், அனுப்புங்கள், ஏற்றுங்கள்

பின்னொட்டின் பெயரை மாற்றினால் வடிவம் மாறாது. ஃபிட் கோப்புக்கு ஜிபிஎக்ஸ் என்று பெயரிட்டு அனுப்பினால் எதுவும் திறக்காது. மாற்றுவதற்கு ஜிபிஎஸ்பேபல் என்ற திறமூல மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன்: இலவசம், இணையம் தேவையில்லை, உங்கள் தரவு யாருடைய சர்வருக்கும் போவதில்லை. உள்ளீட்டு வடிவம், கோப்பு, வெளியீட்டு வடிவம், கோப்பு என்ற நான்கையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

வாட்ஸ்அப்பில் 'ஆவணம்' என்ற தேர்வில் இணைத்து அனுப்புங்கள். ஆண்ட்ராய்டில் அதைத் தட்டினால் 'திறக்கச் செயலி இல்லை' என்று சில வேளை வரும். கோப்பைச் சேமித்துவிட்டு, ஆஸ்மண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் செயலிக்குள் போய் இறக்குமதி செய்தால் வந்துவிடும். ஐஃபோனில் 'ஃபைல்ஸ்' செயலியில் சேமித்து, அங்கிருந்து பகிர வேண்டும். பதிவிறக்கும்போது கோப்புப் பெயரின் இறுதியில் எக்ஸ்எம்எல் அல்லது டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். கூகுள் மேப்ஸ் செயலி ஜிபிஎக்ஸை நேரடியாகத் திறக்காது. கூகுளின் மை மேப்ஸ் இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் சிக்னல் இல்லாத மலையில் அதை நம்பக் கூடாது.

கார்மின் கைக்கடிகாரத்துக்குக் கார்மின் கனெக்ட் வழியாக 'கோர்ஸ்' ஆக இறக்குமதி செய்து, கடிகாரத்துக்கு அனுப்புங்கள். 'ஆக்டிவிட்டி' ஆக ஏற்றினால் நண்பரின் நடை உங்கள் கணக்கில் உங்கள் நடையாகப் பதிவாகிவிடும். கம்பி வழியாக என்றால் 'நியூஃபைல்ஸ்' கோப்புறையில் போட்டு, கம்பியைப் பிடுங்கியதும் கருவி தானே எடுத்துக்கொள்ளும். இட்ரெக்ஸ் போன்ற கைக்கருவிக்கு 'கார்மின்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஜிபிஎக்ஸ்' கோப்புறை. பிறகு டிராக் மேனேஜரில் அதைத் திறந்து, வரைபடத்தில் காட்டும்படி தேர்வு செய்ய வேண்டும்.

படி 9: கிளம்பும் முன்னிரவுச் சோதனை

நால்வரும் கைபேசியை விமான நிலையில் போட்டுவிட்டுக் கோப்பைத் திறக்க வேண்டும். கோடு மட்டும் தெரிந்து பின்னால் வரைபடம் வெறுமையாக இருந்தால், அந்தப் பகுதியின் வரைபடம் இன்னும் இறங்கவில்லை. விடுதியில் வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். நான்கு கருவிகளிலும் மொத்தத் தூரத்தை ஒப்பிடுங்கள். புள்ளிகளைக் குறைத்திருந்தால் ஓரிரு விழுக்காடு வேறுபடும். அதற்கு மேல் என்றால் எங்கோ ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. கோட்டின் இறுதிப் புள்ளியைப் பெரிதாக்கி, அது கலஹாவில்தான் முடிகிறதா என்று பாருங்கள். திசையையும் கவனியுங்கள்: நண்பர் கலஹாவிலிருந்து ஹந்தானைக்கு நடந்து பதிவு செய்திருந்தால், கைக்கடிகாரம் வழி நெடுகத் தவறான திசை என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும்; ஜிபிஎக்ஸ் ஸ்டுடியோவில் டிராக்கைத் திருப்பிப் போட்டு மறுபடி அனுப்புங்கள்.

கோப்பின் பெயரில் கட்டத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள். மழைக்குப் பிறகு மண் சரிந்து பாதை மாறியிருந்தால் புதிய பதிவைப் புதிய தேதியோடு அனுப்பி, பழையதைக் கருவியிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோடுகள் கிடந்தால், பனிமூட்டத்தில் எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது.